நடக்கிற ஆளை வைத்து கேமராவைச் செட் பண்ணு

தங்கச்சி, களத்துக் கேமராவை ராத்திரி போனில் திறந்தால் பட்டப்பகல் மாதிரி இருக்கிறது என்று சொன்னாய். நல்லது. ஆனால் அதை வைத்து கேமரா சரியாக இருக்கிறது என்று முடிவு கட்டிவிடாதே. இன்று எட்டு மணிக்கு மேல் உன் வீட்டுக்காரரைக் களத்தின் இந்த மூலையிலிருந்து அந்த மூலைக்குச் சாதாரணமாக நடக்கச் சொல். பிறகு பதிவான வீடியோவைப் போட்டு, அவர் நடுவில் வரும்போது நிறுத்திப் பார். முகம் இருக்க வேண்டிய இடத்தில் வெள்ளையாக ஒரு தீற்றல்தான் இருக்கிறதா? கால்கள் தரையோடு கரைந்து போயிருக்கின்றனவா? கேமரா மாட்டிய அன்று எப்படி இருந்ததோ அப்படியே விட்டுவிட்ட வீடுகளில் பெரும்பாலும் இதுதான் நிலைமை. சுவரும் களமும் பளிச்சென்று தெரியும், நடமாடுகிறவர் மட்டும் தெரியமாட்டார். நமக்கு வேண்டியது அந்த ஆள்தான்.

தை பிறந்தால் மிளகுப் பறிப்பு. சில்வர் ஓக் மரம் மரமாக ஏணி சாய்த்துப் பறித்து, உதிர்த்து, காயப்போட்ட சரக்கு சாக்கில் ஏறி சோளக்காடு சந்தைக்குப் போகும்வரை வாழவந்தி நாட்டில் எந்த வீட்டிலும் நிம்மதியான தூக்கம் கிடையாது. அதனால்தான் இதை இவ்வளவு விவரமாக எழுதுகிறேன். பொறுமையாகப் படித்து, ஒவ்வொன்றாகச் செய்து பார்.

முதலில் ஷட்டர்

ஒரு படத்துக்காகக் கேமரா எவ்வளவு நேரம் வெளிச்சத்தை உள்ளே விடுகிறது என்பதுதான் ஷட்டர் கணக்கு. வெளிச்சம் குறைந்தால், ஆட்டோவில் விட்ட கேமரா அந்த நேரத்தை நீட்டிக்கொண்டே போகும். நொடியில் 25-ல் ஒரு பங்கு, அதுவும் போதாவிட்டால் 12-ல் ஒரு பங்கு. சாதாரண நடையில் ஒருவர் நொடிக்குச் சுமார் 1.4 மீட்டர் போவார். 1/12 நொடிக்குள் அவர் 11, 12 சென்டிமீட்டர் நகர்ந்துவிடுவார். முகத்தின் அகலமே 15 சென்டிமீட்டர் பக்கம்தான். கண், மூக்கு, வாய் எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாகப் பூசிக்கொள்ளாமல் என்ன செய்யும்? அதையே 1/50 என்று வைத்தால் நகர்வு 3 சென்டிமீட்டர்கூட வராது. 1/100 என்றால் ஒன்றரை சென்டிமீட்டர்தான்.

போன் ஆப்பில் இந்த செட்டிங் பெரும்பாலும் இருக்காது. டிவிஆரை டிவியில் இணைத்து மெனுவுக்குள் போ, அல்லது கம்ப்யூட்டரில் கேமராவின் ஐபி முகவரியைத் திற. 'இமேஜ்' பக்கத்தில் 'எக்ஸ்போஷர்' என்று இருக்கும். அங்கே 'ஸ்லோ ஷட்டர்' ஆனில் இருந்தால் முதல் வேலையாக ஆஃப் செய். அடுத்து, ஷட்டரை மேனுவலுக்கு மாற்றி இரவுக்கு 1/50 வை. சில கேமராக்களில் பின்னமாக இல்லாமல் மில்லி செகண்டாகக் கேட்கும். 0 முதல் 20 என்று கொடுத்தால், இருட்டில் எவ்வளவு நீட்டினாலும் 1/50-ஐத் தாண்டாது என்று அர்த்தம். 10 என்றால் 1/100. நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் இந்த இரண்டு எண்ணும் பல்பு வெளிச்சத்தோடு ஒத்துப்போகும், படம் மினுக்காது. பகல், இரவு என்று தனித்தனி ப்ரொஃபைல் இருந்தால் இரவுப் பக்கத்தில் மட்டும் மாற்று. பகலை ஆட்டோவிலேயே விடு.

'எஃப்பிஎஸ்' கூட்டினால் சரியாகிவிடும் என்று உன்னிடம் யாராவது சொல்வார்கள். அது நொடிக்கு எத்தனை படம் என்ற கணக்கு மட்டும்தான். ஒவ்வொரு படமும் பூசிப்போயிருந்தால் 25 படம் இருந்தும் பயன் இல்லை. 15 போதும்.

ஷட்டரைச் சுருக்கியதும் படம் இருண்டு போகும். பயந்து பழையபடி மாற்றிவிடாதே. அந்த இருட்டு, இங்கே விளக்குப் போடு என்று கேமரா நமக்குச் சொல்வது. களத்து மூலையில் 20 வாட் எல்இடி ஃப்ளட் லைட் ஒன்று, அல்லது வாசலில் 9 வாட் பல்பு இரண்டு போட்டாலே பெரிய மாற்றம் தெரியும். விளக்கு, வருகிறவர் முகத்தில் படும்படி இருக்க வேண்டும். முதுகுக்குப் பின்னால் எரியும் விளக்கு ஆளைக் கறுப்பு நிழலாக்கிவிடும். விடிய விடிய எரிய வேண்டாம் என்றால் ஆள் அசைவுக்கு எரியும் சென்சார் விளக்கு வை. காட்டுப்பன்றி வந்தாலும் அது எரியும், மரவள்ளிக்கும் அது காவல்தான்.

சின்ன வைஃபை கேமராவாக இருந்து ஷட்டர் மெனுவே இல்லையென்றால் உனக்கு இருக்கும் ஒரே வழி வெளிச்சம். வெளிச்சம் கூடினால் கேமரா தானாகவே ஷட்டரைச் சுருக்கிக்கொள்ளும்.

'இமேஜ்' பக்கத்திலேயே 'கெயின்' என்று ஒன்று உண்டு. மங்கலான படத்தை மின்னணு முறையில் பெருக்கிக் காட்டும் வேலை அது. நூறில் வைத்தால் படம் முழுக்கப் புள்ளி கொதிக்கும். 50, 60-க்குள் நிறுத்து. அந்தப் புள்ளிகளை அமுக்குவதற்கு 'டிஎன்ஆர்' இருக்கிறது. இதில்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். '3டி டிஎன்ஆர்' முன்னே பின்னே உள்ள படங்களைச் சேர்த்துச் சராசரி எடுத்து வழுவழுப்பாக்கும். சுவருக்கு அது அழகு. நடக்கிறவருக்குப் பின்னால் ஆவி மாதிரி ஒரு வால் இழுக்கும். 50-ல் இருந்தால் 30, 40-க்கு இறக்கு. கொஞ்சம் புள்ளி இருந்தால் இருக்கட்டும், முகம் இருந்தால் போதும். 'டபிள்யூடிஆர்' என்பதும் வெவ்வேறு நேரம் எடுத்த படங்களை ஒன்றாக ஒட்டும் வேலைதான். எதிர்வெயில் அடிக்கும் பகலுக்கு அது நல்லது, இரவில் அணைத்துவிடு.

நம் மலை மூட்டம்

கீழ்நாட்டில் எழுதிய எந்தக் குறிப்பிலும் இது இருக்காது. மழைக்காலம் தொடங்கி மார்கழி, தை வரை செம்மேட்டிலும் வாசலூர்பட்டிப் பக்கமும் மூட்டம் இறங்கினால் எதிர் வீடு தெரியாது. அந்த நேரம் கேமராவைத் திறந்தால் திரை முழுக்க வெள்ளையாக இருக்கும். கேமரா கெட்டுவிட்டது என்று நினைத்துவிடாதே. லென்ஸைச் சுற்றி இருக்கும் ஐஆர் (அகச்சிவப்பு) பல்புகளின் வெளிச்சம் மூட்டத்தின் நீர்த்துளிகளில் பட்டு நேராக லென்ஸுக்கே திரும்பி வருகிறது. மூட்டத்தில் பைக்கின் ஹை பீமைப் போட்டால் வழி இன்னும் மறைந்து போகுமே, அதே சங்கதிதான். காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவு ஏறி வந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இதற்கு மருந்து, விளக்கைக் கேமராவிலிருந்து பிரிப்பது. கேமராவின் சொந்த ஐஆரை மெனுவில் அணைத்துவிட்டு, தனி ஐஆர் இல்யூமினேட்டர் ஒன்றை நாலைந்து அடி தள்ளி, முடிந்தால் வேறு சுவரில் மாட்டு. வெளிச்சம் பக்கவாட்டிலிருந்து வந்தால் லென்ஸுக்குத் திரும்புவது வெகுவாகக் குறையும். 850 நானோமீட்டர் வகை வாங்கு. அது இருட்டில் மங்கலாகச் சிவந்து தெரியும், ஆனால் எட்டும் தூரம் அதிகம். 940 வகை கண்ணுக்கே தெரியாது என்று சொல்லி விற்பார்கள். கேமராவின் சென்சாருக்கும் அது குறைவாகத்தான் தெரியும், தூரம் நன்றாகக் குறைந்துவிடும். ஐஆர் வேண்டாம் என்றால் சாதாரண ஃப்ளட் லைட்டையே அப்படித் தள்ளி மாட்டலாம். என்னைக் கேட்டால் அதுதான் மேல். வெள்ளை வெளிச்சத்தில் கேமராவைக் கலரிலேயே ஓடவிட்டால் சட்டையின் நிறம் தெரியும். ஐஆரில் கறுப்புச் சட்டைகூட, துணியையும் சாயத்தையும் பொறுத்து, சாம்பலாகவோ வெள்ளையாகவோ வந்துவிடும். ஐஆர் படத்தைப் பார்த்து 'வெள்ளைச் சட்டைக்காரன்' என்று யாரையும் சொல்லிவிடாதே.

மூட்டம் ரொம்ப அடர்த்தியாக இருந்தால் எந்த செட்டிங்கும் உதவாது. தூரத்தைக் குறைப்பதுதான் வழி. அறுபது அடிக்கு அப்பால் இருக்கும் ஆளை மூட்டம் விழுங்கிவிடும், பத்தடியில் இருக்கும் ஆளை அவ்வளவாக மறைக்காது. அதனால் களம் முழுவதையும் ஒரே கேமராவில் அடக்கப் பார்க்காதே. களத்துக்கு வரும் தடம் எது, சரக்கு அறைக்கதவு எது என்று பார்த்து அதன் பக்கத்திலேயே ஒன்றை வை.

மூட்டத்தையும் இருட்டையும் ஓரளவு தாண்டிப் பார்ப்பது தெர்மல் கேமரா. அது வெளிச்சத்தைப் பார்ப்பதில்லை, உடம்புச் சூட்டைப் பார்க்கிறது. கோயம்புத்தூர் மதுக்கரையில் ரயிலில் யானைகள் அடிபடாமல் இருக்க வனத்துறை 2024 பிப்ரவரியில் தொடங்கிய ஏற்பாட்டில் இதுதான் இருக்கிறது. 12 கோபுரங்களில் தெர்மலும் சாதாரணமுமாக 24 கேமராக்கள். யானை தண்டவாளத்தை நெருங்கினால் கணினியே கண்டுபிடித்து எச்சரிக்கும். ஆனால் அங்கே ஏதோ ஒன்று வருகிறது என்பதுதான் தேவை. அது யார், முகம் எப்படி என்று தெர்மல் சொல்லாது. நம் களத்துக்கு அந்தச் செலவு வேண்டாம்.

இலை, சிலந்தி, மூடி

பச்சை இலை ஐஆரை நிறையத் திருப்பி அடிக்கும். கேமராவுக்கு முன்னால் மூன்றடியில் ஒரு காப்பிச் செடிக் கிளையோ வாழை இலையோ நீட்டிக்கொண்டிருந்தால் அது மட்டும் சுண்ணாம்பு அடித்தது போல வெளுத்து, கேமரா அந்த வெளிச்சத்துக்குத் தன்னைச் சரிசெய்துகொண்டு பின்னால் இருப்பதையெல்லாம் இருட்டாக்கிவிடும். வெட்டிவிடு. பக்கத்துச் சுவர், தாழ்வாரத்து விளிம்பு, ஓட்டுக் கூரை எதுவும் படத்தின் ஓரத்தில் வராமல் கேமராவைத் திருப்பு. 'ஸ்மார்ட் ஐஆர்' இருந்தால் ஆனில் வை. ஆள் கிட்டே வரும்போது முகம் வெளுத்துப் போகாமல் ஐஆரைத் தானே குறைக்கும்.

சிலந்திக்கு லென்ஸைச் சுற்றியுள்ள இடம் ரொம்பப் பிடிக்கும். ஒரு நூல் காற்றில் ஆடினால் போதும், திரையில் கயிறு மாதிரித் தெரியும், இரவெல்லாம் போன் கத்திக்கொண்டே இருக்கும். வாரம் ஒருமுறை விளக்குமாற்றால் சுற்றிலும் தட்டிவிட்டு, கண்ணாடியை மெல்லிய பருத்தித் துணியால் துடை. விரல் படக் கூடாது. விரல் ரேகையின் எண்ணெய்ப் பிசுக்கு பகலில் தெரியாது, இரவில் ஒவ்வொரு விளக்கைச் சுற்றியும் ஒளிவட்டம் கட்டும். கிண்ணம் கவிழ்த்த மாதிரி இருக்கும் டோம் வகை நம் மலைக்குச் சரிப்படாது. மூடிக்குள் நீர் கோர்க்கும், ஐஆர் உள்ளேயே அடித்துத் திரும்பும். புல்லட் அல்லது டரெட் வகை வாங்கு.

எங்கே, எந்த லென்ஸ்

கடைக்காரர் பெரும்பாலும் 2.8 எம்எம் லென்ஸ்தான் கொடுப்பார், அகலமாகத் தெரியும் என்று. அகலம் கூடினால் ஆள் சின்னதாகிவிடுவார். முன்பின் தெரியாத ஒருவரை அடையாளம் சொல்ல, அவர் நிற்கும் இடத்தில் ஒரு மீட்டருக்கு 250 பிக்சல் வேண்டும் என்பது பரவலாகச் சொல்லப்படும் கணக்கு. 4 மெகாபிக்சல் கேமராவின் படம் 2560 பிக்சல் அகலம். 2.8 எம்எம் லென்ஸில் இந்தக் கணக்கு 14 அடியோடு முடிந்துவிடும். 6 எம்எம் போட்டால் 35 அடி வரை போகும். அதுவும் நல்ல வெளிச்சத்தில். இரவில் இன்னும் குறைத்துக்கொள். தடத்துக்கும் கதவுக்கும் 6 எம்எம், களத்தின் பொதுப்பார்வைக்கு 2.8 என்று பிரித்துக்கொண்டால் நல்லது. மெகாபிக்சல் எண்ணைப் பார்த்து மயங்காதே. சின்ன சென்சாரில் 8 மெகாபிக்சலைத் திணித்தால் ஒவ்வொரு புள்ளிக்கும் கிடைக்கும் வெளிச்சம் குறையும். 1/1.8 அங்குல சென்சாரும் எஃப்1.6-க்குக் குறைவான லென்ஸும் உள்ள 4 மெகாபிக்சல், இரவில் அதை எளிதாகத் தோற்கடிக்கும்.

உயரம் எட்டு முதல் பத்தடி. அதற்கு மேல் போனால் தலைமுடியும் தொப்பியும்தான் பதிவாகும். இன்னொன்று, ஆள் குறுக்கே கடக்கும் இடத்தைப் பார்க்காமல், கேமராவை நோக்கி வரும் தடத்தைப் பார்த்து மாட்டு. குறுக்கே போகிறவர்தான் அதிகம் பூசிப்போவார். நேரே வருகிறவரின் முகம் திரையில் கொஞ்சம் கொஞ்சமாகப் பெரிதாகுமே தவிர அதிகம் நகராது. காசில்லாமல் கிடைக்கும் தெளிவு இது.

சாலையில் போகும் வண்டி நம்பர் வேண்டுமென்றால் அதற்குத் தனிக் கேமராதான். 30 கிலோமீட்டர் வேகத்தில் போகும் பைக் 1/25 நொடியில் ஓரடிக்கு மேல் நகரும். 1/500 ஷட்டரும் ஐஆரும் வைத்தால் சுற்றிலும் கும்மிருட்டாக இருக்கும், நம்பர் பிளேட் மட்டும் ஒளிரும். 2019 ஏப்ரலுக்குப் பிறகு வந்த புது வண்டிகளில் இருக்கும் உயர் பாதுகாப்பு நம்பர் பிளேட் வெளிச்சத்தை வந்த வழியே திருப்பி அனுப்பும் தகடு என்பதால் இது எளிது. அந்தக் கேமராவில் முகத்தை எதிர்பார்க்காதே. ஆடிப் பதினெட்டுக்கு வல்வில் ஓரி விழா நடக்கும்போது செம்மேட்டில் வெளியூர் வண்டிகள் குவியும். சாலையோரம் கடை வைத்திருப்பவர்கள் அதற்குள் இதைச் செய்து வைத்துக்கொள்ளலாம்.

பதிவும் மின்சாரமும்

எல்லாம் சரியாக இருந்தும் ஆள் ஓடும்போது மட்டும் படம் கட்டம் கட்டமாக உடைந்தால் அது பிட்ரேட் குறைவு. 4 மெகாபிக்சலுக்கு ஹெச்.265-ல் 4096 கேபிபிஎஸ் வை. 'பிளஸ்' அல்லது 'ஸ்மார்ட்' கோடெக் என்று இருப்பதை அணை. இடம் மிச்சம் பிடிக்க அது பிட்ரேட்டை இறுக்கும், திடீரென்று அசைவு வரும்போது படம் தடுமாறும். இந்த அளவில் ஒரு கேமரா நாளுக்கு 43 ஜிபி எடுக்கும். ஒரு டிபி ஹார்ட் டிஸ்க்கில் நாலு கேமரா என்றால் ஆறு நாள்கூட முழுதாக வராது. இதைப் பிறகு சொல்லப்போவதற்காக ஞாபகம் வைத்துக்கொள்.

அசைவு அலர்ட்டுக்கு முழுத் திரையையும் விடாமல் தடத்தையும் கதவையும் மட்டும் கட்டம் போட்டுக் குறி. வாழை ஆடும் மூலையை விட்டுவிடு. 'ஹ்யூமன்' மட்டும் தேர்ந்தெடு, அசைவுக்கு முந்தைய 5 நொடியும் பதிவாகும்படி வை.

பகலெல்லாம் ஒழுங்காக ஓடும் கேமரா இருட்டியதும் அணைந்து அணைந்து எழுகிறதா? ஐஆர் எரியும்போது மின்சாரம் கூடுதலாக இழுக்கும். அடாப்டர் வீட்டுக்குள் இருந்து, களம் இருநூறு அடி தள்ளி இருந்தால் வயரிலேயே வோல்டேஜ் இறங்கிவிடும். அடாப்டரைக் கேமராவுக்குப் பக்கத்தில், மழை படாத பெட்டிக்குள் வை. 12 வோல்ட், 2 ஆம்பியர் வாங்கு. இடி மின்னலுக்கு சர்ஜ் புரொடெக்டர் கட்டாயம். சோலார் 4ஜி கேமரா என்றால், மூட்ட மாதங்களில் பேனல் நிரம்பாது. பெரிய பேட்டரியாகப் பார்.

பாஸ்வேர்டை இன்றே மாற்று. 2016-ல் 'மிராய்' என்ற வைரஸ், வாங்கியபோது இருந்த பாஸ்வேர்டையே வைத்திருந்த லட்சக்கணக்கான கேமராக்களையும் டிவிஆர்களையும் உலகம் முழுக்கக் கைப்பற்றியது. உன் களத்தை எங்கோ உட்கார்ந்து ஒருவன் பார்க்க வேண்டாம். அதே மாதிரி, பக்கத்து வீட்டு வாசலும் பெண்கள் குளிக்கும் இடமும் உன் கேமராவில் விழக் கூடாது. திருப்ப முடியாவிட்டால் 'பிரைவசி மாஸ்க்' போட்டு அந்த மூலையைக் கறுப்பாக்கு. இது எனக்கு ரொம்ப முக்கியம். செய்துவிட்டுச் சொல்.

செட்டிங் முடிந்ததும் மறுபடி உன் வீட்டுக்காரரை நடக்கச் சொல், வேகமாக நடக்கச் சொல், பிறகு ஓடச் சொல். குறுக்கே ஒருமுறை, நேரே ஒருமுறை. போனில் ஓடும் லைவைப் பார்க்காதே, அது பெரும்பாலும் தரம் குறைத்து அனுப்பும் படம். டிவிஆரில் பதிவானதைப் பெரிய திரையில் ஒவ்வொரு ஃப்ரேமாக நகர்த்திப் பார். மூட்டமுள்ள இரவு ஒன்று, இல்லாத இரவு ஒன்று, இரண்டிலும் பார்த்துவிட்டு எண்களை ஒரு தாளில் எழுதி டிவிஆர் மேல் ஒட்டிவை.

கடைசியாக, ஏதாவது நடந்துவிட்டால் செய்ய வேண்டியது. டிவிஆரின் தேதியும் மணியும் சரியாக இருக்கிறதா என்று மாதம் ஒருமுறை போனோடு ஒப்பிட்டு வை. நேரம் தப்பாக இருந்தால் நல்ல வீடியோவும் கேள்விக்குள்ளாகும். வாழவந்தி நாடு காவல் நிலையத்தில் கொடுக்க, திரையைப் போனால் படம்பிடித்துக் கொண்டு போகாதே. 'பேக்கப்' அல்லது 'எக்ஸ்போர்ட்' வழியாக அசல் ஃபைலை பென்டிரைவில் எடு. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய சாக்ஷிய அதிநியம் 63-ஆம் பிரிவின்படி மின்னணுப் பதிவோடு ஒரு சான்றிதழ் வேண்டும். அதில் ஒரு பகுதியைக் கருவியைக் கையாளுகிறவரும் இன்னொரு பகுதியை நிபுணரும் நிரப்ப வேண்டும், ஃபைலின் ஹாஷ் எண்ணும் அதில் குறிக்கப்படும். நிலையத்தில் கேட்டால் வழி சொல்வார்கள். அதற்காகக் காத்திருந்து நாளைக் கடத்தாதே. ஆறு நாளில் டிவிஆர் பழைய பதிவின் மேலேயே புதியதை எழுதிவிடும். விஷயம் தெரிந்த அன்றைக்கே, சம்பவத்துக்கு ஒரு மணி நேரம் முன்னும் ஒரு மணி நேரம் பின்னும் சேர்த்து இரண்டு பென்டிரைவில் எடுத்து, ஒன்றை வீட்டுப் பெட்டியில் வை.